கடற்கரைக்கு எந்த ரயில்?

வெளியூரிலிருந்து முதன் முறையாகச் சென்னைக்கு வரும் அன்பர் ஒருவர், குழந்தை குட்டிகளுடன் சமுத்திர தரிசனம் செய்ய ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாம்பரத்தில் நிற்கும் மின்சார ரயிலின் நெற்றியில் "சென்னை கடற்கரை" என்று எழுதியிருப்பதைக் காண்கிறார். மனம் குளிர்ந்து ஏறி உட்காருகிறார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிரயாணம் செய்து கடைசி ஸ்டேஷனில் இறங்கி, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் சுண்டலுக்கு வேண்டிய சில்லறையுமாக வெளியே வருகிறார். எதிரே அகன்ற சாலை. சாலை நிறைய லாரிகள். அதற்கப்பால் துறைமுகத்தின் நெடிய மதிற்சுவர். கடல் அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது வாஸ்தவந்தான். ஆனால் உள்ளே போவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும்.

இதற்காக ரயில்வேக்காரர்களை ரொம்பவும் கோபித்துக்கொள்வதற்கில்லை. இன்று ராஜாஜி சாலை என்று வழங்கும் அந்தச் சாலைக்கு வெள்ளைக்காரர் காலத்துப் பெயரே கடற்கரைச் சாலைதான். ஒரு காலத்தில் அலைகள் அதன் ஓரம் வரையில் வந்து போய்க் கொண்டிருந்தன. 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். கடலுக்குள் கருங்கல்லால் நீண்ட சுவர்களை எழுப்பினார்கள். நமது கரையோரத்தில் நீரோட்டமானது வருஷத்தின் பெரும் பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும் இயல்புடையது. சுவர் குறுக்கிட்டதும் மணல் அதற்குத் தெற்கே தங்கி, ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. திருவல்லிக்கேணிக்கு எதிரே இன்று நாம் காணும் விசாலமான மணல் வெளி பெரும்பாலும் அவ்விதம் சேர்ந்ததேயாகும். வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளுக்கு வந்து சேர வேண்டிய மணல் வராமற் போயிற்று. அங்கே கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. ஒரு பேட்டைக்கு உல்லாசம் கிடைத்ததற்கு இன்னொரு பேட்டை வீடு வாசலைக் கொடுத்து விலை செலுத்தியது என்பதைக் கடற்காற்று வாங்கும்போது யாரும் நினைப்பதில்லை.

ஆக, கடற்கரை இரண்டு மூன்று மைல் தெற்கே நகர்ந்துவிட்டது. ஸ்டேஷனும் அதன் பெயரும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. நகரத்தின் உல்லாச இடங்களுக்கும் அவற்றுக்குப் போகும் வழிகளுக்கும் உள்ள உறவு சென்னையில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்து வருகிறது. இடம் ஒரு பக்கம் வளரும். வழி வேறொரு பக்கம் போகும்.

புதிதாகச் சேர்ந்த மணலுக்கு ஓரமாக உலாவுவதற்கென்று பாதை அமைத்து, 1884-ஆம் வருஷத்தில் அதற்கு இத்தாலி நாட்டு வழக்கப்படி "மெரினா" என்று பெயர் சூட்டியவர் அப்போதைய கவர்னர் கிராண்ட் டப் துரை. மாலை வேளையில் துரைமார்களும் துரைசானிகளும் கோச்சு வண்டியில் வந்து காற்று வாங்க வேண்டும் என்பதே அவருடைய உத்தேசமாக இருந்திருக்கும். ஆனால் மணல் வெளியை உண்மையில் உபயோகப்படுத்திக் கொண்டவர்கள் நமது ஜனங்கள். 1907-ல் விபின சந்திர பாலர் வந்து சுதேசியத்தைப் பற்றிப் பிரசங்க மழை பொழிந்தது இந்தக் கடற்கரையில்தான். 1919-ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் காந்தி மகான் சத்தியாக்கிரகச் செய்தியைக் கொண்டு வந்ததும் இங்கேதான். 1923-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி சிங்காரவேலர் தொழிலாளர் தினத்தைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரை மணலிலேதான். வாடகை இல்லாத மண்டபம். கூரையில்லாததால் எத்தனை பேர் வந்தாலும் இடம் போதாது என்ற பேச்சு இல்லை.

அந்தக் கூட்டங்களுக்கு ஜனங்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? பெரும்பாலோர் நடந்து வந்தார்கள். சிலர் ஜட்கா வண்டியில் வந்தார்கள். 1895-ஆம் வருஷத்திலேயே சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தியாவிலேயே முதலாவது அதுதான். தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-ல் வந்தது. இவற்றையெல்லாம் விட முக்கியமான விஷயம், நகரம் சிறியது. 1921-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் சென்னையின் மக்கள் தொகை சுமார் ஐந்தேகால் லட்சம். சிந்தாதிரிப்பேட்டையிலோ ராயப்பேட்டையிலோ இருந்தவனுக்குக் கடற்கரை கால்நடைத் தூரம். கூட்டம் முடிந்து இரவு ஒன்பது மணிக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே வீடு திரும்பிவிடலாம்.

1953-ல் டிராம் நின்று போயிற்று. நகரம் நாலா திசையிலும் பரவியது. 2011-ஆம் வருஷத்துக் கணக்கில், விஸ்தரிக்கப்பட்ட நகர எல்லைக்குள் மாத்திரம் சுமார் 67 லட்சம் பேர். நகரம் பெரிதாகும்போது ஏழைகள்தான் முதலில் தூரம் போகிறார்கள். கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களில் ஆயிரக் கணக்கானவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டு போய்க் குடியேற்றினார்கள். 2015-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்குப் பிறகு இந்தக் குடியேற்றம் மேலும் வேகமடைந்தது. முன்னே மாலையில் மீன் வாங்கப் போகிற சாக்கில் கடலைப் பார்த்துவிட்டு வந்த ஸ்திரீக்கு, இப்பொழுது கடற்கரை என்பது பஸ் மாறிப் போக வேண்டிய அரைநாள் யாத்திரை. கான்கிரீட் வீடு கிடைத்தது; கடல் போய்விட்டது. குடியேற்றத் திட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் முன்னது வரவில் இருக்கிறது. பின்னது எந்தப் பக்கத்திலும் இல்லை.

இந்த இடத்தில் நேயர்களைச் சற்று நேரம் அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். டிக்கட் செலவு இல்லை.

நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே லாங் ஐலண்டு என்னும் நீண்ட தீவில், அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கி ஜோன்ஸ் பீச் என்ற அழகான கடற்கரை இருக்கிறது. 1929-ஆம் வருஷத்தில் அதைப் பொதுஜனங்களுக்குத் திறந்து வைத்தார்கள். ராபர்ட் மோஸஸ் என்ற மகா சாமர்த்தியசாலி அதை உண்டாக்கினார். லட்சக் கணக்கான ஜனங்கள் குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் உலாவுவதற்கும் அவர் செய்த ஏற்பாடுகளைப் பார்த்து உலகமே அதிசயப்பட்டது. அந்தக் கடற்கரைக்குப் போக மரங்கள் அடர்ந்த அழகிய சாலைகளையும் போட்டார். ஆனால் அந்தச் சாலைகளில் சொந்த மோட்டார் வண்டிகளுக்கு மாத்திரமே அனுமதி. பஸ்ஸும் லாரியும் போகக் கூடாது. சாலைகளுக்குக் குறுக்கே கட்டப்பட்ட பாலங்களும் தாழ்ந்தவை. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் சொந்த மோட்டார் வைத்திராதவர்கள் யார் என்று சொல்ல வேண்டுமா? ஏழைகள், அவர்களிலும் பெரும்பாலான நீக்ரோ மக்கள். பஸ் வராதபடி வேண்டுமென்றே பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார் என்று ராபர்ட் காரோ என்ற ஆசிரியர் 1974-ல் வெளியான மோஸஸின் சரித்திரத்தில் எழுதினார். அப்படிச் சொல்வதற்கில்லை, பஸ்களுக்குச் சட்டமே தடை விதித்திருந்தது, வேறு சாலை வழியாக அங்கே போகவும் முடிந்தது என்று பிற்பாடு வந்த ஆராய்ச்சியாளர்கள் மறுத்தார்கள். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

எனக்கு அந்த வழக்கின் தீர்ப்பைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. மோஸஸின் நெஞ்சில் துவேஷம் இருந்ததோ இல்லையோ, பஸ்ஸில்லாத சாலை தன் காரியத்தைச் செய்தே தீரும். "எல்லோரும் வரலாம்" என்று வாசலில் பலகை மாட்டிவிட்டு, சொந்த வண்டி இருப்பவன் மாத்திரம் வந்து சேரும்படி வழி போட்டால், பலகைக்கு என்ன மதிப்பு?

நாம் சென்னையில் தாழ்ந்த பாலம் ஒன்றும் கட்டவில்லை. ஆனால் நம்மிடம் ஞாயிற்றுக்கிழமைக் கால அட்டவணை என்று ஒன்று இருக்கிறது.

புறநகர் ரயில் அட்டவணையை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். திங்கள் முதல் சனி வரையில் ஓடும் ரயில்களை விட ஞாயிற்றுக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாட்களிலும் ஓடுபவை குறைவு. அட்டவணை போடுகிறவர்களின் மனத்தில் பிரயாணி என்றால் ஆபீஸ் குமாஸ்தாதான். அவர் வீட்டில் படுத்துத் தூங்குகிற தினத்தில் ரயிலுக்கு என்ன வேலை? ஆனால் அந்தக் குமாஸ்தாவே அன்று மாலை மனைவி மக்களுடன் கடற்கரைக்குப் போக விரும்புகிறார். வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்கும், கட்டிட வேலை செய்யும் தொழிலாளிக்கும் வாரத்தில் கிடைக்கும் ஓய்வு நாளும் அதுவே. எந்த நாளில் ஜனங்கள் தங்கள் சொந்த இஷ்டப்படி பிரயாணம் செய்ய விரும்புகிறார்களோ அந்த நாளில் ரயில் குறைகிறது. உழைப்பதற்கு உன்னை ஏற்றிச் செல்வேன், உல்லாசத்துக்கு மாட்டேன் என்று வண்டியே சொல்வது போலிருக்கிறது.

இதன் விபரீதத்தை நகரம் 2024-ஆம் வருஷம் அக்டோபர் 6-ஆம் தேதி கண்ணாரக் கண்டது. இந்திய ஆகாயப் படையின் 92-ஆவது ஆண்டு விழாவை முன்னிட்டு மெரினாவில் விமான சாகசக் காட்சி நடந்தது. காலை பதினொரு மணிக்குத் தொடங்கிப் பகல் ஒரு மணிக்கு முடிந்த காட்சிக்கு, விடிந்தது முதலே ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கூடினார்கள் என்று மதிப்பிடப்பட்டது. உச்சி வெயில், நிழலில்லாத மணல். ஒரு மணிக்குக் காட்சி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மேற்கே திரும்பினார்கள். காமராஜர் சாலை அடைபட்டது. பறக்கும் ரயில் நிலையங்களின் படிக்கட்டிலேயே ஜனங்கள் சிக்கிக் கொண்டார்கள். குடிக்கத் தண்ணீர் அகப்படாமல் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மைல் கணக்கில் நடந்தார்கள். ஏராளமானவர்கள் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் வீடு திரும்பவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மற்றொரு விஷயமும் உண்டு. கடற்கரை ஸ்டேஷனுக்கும் எழும்பூருக்கும் இடையே நாலாவது ரயில் பாதை போடும் வேலைக்காக, கடற்கரை ஸ்டேஷனிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரையில் பறக்கும் ரயில் 2023 ஆகஸ்டு மாதக் கடைசியிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. மீண்டும் அது ஓடத் தொடங்கியது 2024 அக்டோபர் மாதக் கடைசியில். அதாவது காட்சி நடந்து மூன்று வாரம் கழித்து. வட சென்னையிலிருந்து ரயிலில் வரக் கூடியவர்களுக்கு அன்றைய தினம் நேர் ரயிலே கிடையாது. விழாவுக்குத் தேதி குறித்தவர்களும், பாதைக்கு மண் வெட்டியவர்களும், அட்டவணை அச்சிட்டவர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டியதாகிறது.

ஆனால், "இன்னும் நாலு ரயில் விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும்" என்று சொல்லி முடித்துவிடுவதும் நியாயமாகாது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பறக்கும் ரயிலில் நெருக்கியடித்தால் இரண்டாயிரம் பேர் ஏறலாம். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று வீதம் இரு திசையிலும் விட்டால் மணிக்கு இருபத்து நாலு ரயில், நாற்பத்தெட்டாயிரம் பேர். பத்து லட்சம் பேரையும் அந்த ஒரு பாதையிலேயே அனுப்ப வேண்டுமானால் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆயிரம் பஸ்களை அமர்த்தி, பஸ்ஸுக்கு அறுபது பேராக மணிக்கு இரண்டு நடை அடித்தாலும் ஒரு லட்சத்து இருபதினாயிரம் பேர்தான். மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். பத்தடி அகலமுள்ள சாலையில் மோட்டார்கள் மணிக்கு அறுநூறு முதல் ஆயிரத்து அறுநூறு பேர் வரையில்தான் கொண்டு போகும் என்பது நகர நிபுணர்களின் மதிப்பு. அதே பத்தடியை நடக்கிறவர்களுக்கு விட்டுக் கொடுத்தால் எட்டாயிரம் பேருக்கு மேல் போகலாம்.

இந்தக் கணக்கிலிருந்து தெரிவது என்ன? பெருங்கூட்டத்தை அப்புறப்படுத்தக் கூடிய மகத்தான வாகனம் மனிதனுடைய இரண்டு கால்கள்தான். காமராஜர் சாலையையும், அதிலிருந்து மேற்கே பிரியும் வாலாஜா சாலை, பாரதி சாலை, பெசன்ட் சாலை, ராதாகிருஷ்ணன் சாலை ஆகியவற்றையும் அன்று முழுவதும் நடக்கிறவர்களுக்கே விட்டிருக்க வேண்டும். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தலும் நிழலும் இருந்திருக்க வேண்டும். ரயிலும் பஸ்ஸும் கூட்டத்தின் மத்தியில் வந்து சிக்கிக்கொள்ளாமல், ஒரு மைல், ஒன்றரை மைல் தள்ளிப் பல இடங்களில் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தனை பேரும் ஒரே நிமிஷத்தில் புறப்படாதபடி காட்சியின் நேரத்தையே மாற்றி அமைத்திருக்க வேண்டும். மாலை வரையில் பாண்டு வாத்தியமோ நாதஸ்வரமோ வைத்திருந்தால் பாதிப் பேர் வெயில் தாழ்ந்து போயிருப்பார்கள். கோவில் உற்சவம் நடத்துகிறவர்களுக்கு இந்த வித்தை தெரியும். தேர் நிலைக்கு வந்த பிறகும் ஏதாவது ஒன்று நடந்து கொண்டுதான் இருக்கும்.

பெருங்கூட்டம் என்றோ ஒரு நாள் வருவது. சாதாரண ஞாயிற்றுக்கிழமை மாலையைப் பற்றி இப்போது பார்க்கலாம். எனக்கு அதுவே இதை விட முக்கியமாகத் தோன்றுகிறது.

பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரையிலும், 1997-ல் மயிலாப்பூர் வரையிலும், 2004-ல் திருவான்மியூர் வரையிலும், 2007-ல் வேளச்சேரி வரையிலும் நீட்டப்பட்டது. இந்தப் பாதையின் தூண்களைப் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நட்டுக் கால்வாயைப் பாழ் பண்ணிய கதை தனிக் கதை. அதை வேறொரு சமயம் சொல்ல வேண்டும். இவ்வளவு பாவத்தையும் கட்டிக் கொண்டதற்குப் பலனாக, மெரினாவுக்குப் பின்புறத்தில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று மூன்று நிலையங்கள் கிடைத்திருக்கின்றன. கடற்கரை என்று பெயர் வைத்த ஸ்டேஷனில் கடற்கரை இல்லை. கடற்கரை இருக்கும் இடத்து ஸ்டேஷன்களுக்கு அந்தப் பெயர் இல்லை. போகட்டும். இந்த மூன்றில் எதில் இறங்கினாலும் மணலை அடைய நடக்கும் தூரந்தான். ஆனால் அந்த நடையை நடந்து பாருங்கள். உயரத்திலிருக்கும் நிலையத்திலிருந்து படியிறங்கி, கால்வாயின் நாற்றத்தைக் கடந்து, நடைபாதை இருக்கும் இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்க, இல்லாத இடத்தில் ஆட்டோ ரிக்ஷா நிற்க, பாட்டியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையோரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போய், கடைசியில் காமராஜர் சாலையின் வாகன வெள்ளத்தைக் கடக்க வேண்டும். கோடிக் கணக்கான ரூபாய் செலவழித்துப் பாதையில் பெரும் பகுதியைக் கட்டிவிட்டு, கடைசி முக்கால் மைலைக் கடவுள் விட்ட வழி என்று விட்டிருக்கிறார்கள். நிழல் மரமும், தடங்கலில்லாத நடைபாதையும், சாலை கடக்கும் இடத்தில் கொஞ்சம் தாராளமான பச்சை விளக்கும் வேண்டும். நிலைய வாசலில் "கடற்கரைக்கு வழி" என்று ஒரு கை காட்டியும் வேண்டும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு பாதை போட்ட செலவில் தூசுக்குச் சமானம்.

சாலையைக் கடந்துவிட்டால் பிரயாணம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். கால் நன்றாயிருப்பவர்களுக்குத்தான் அப்படி. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு அதற்குப் பிறகு மணல் என்னும் மகா சமுத்திரம் இருக்கிறது. பிறந்தது முதல் சென்னையிலேயே வசித்தும் அலையில் கால் நனைத்தறியாதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பல வருஷம் வற்புறுத்திக் கேட்டதன் பேரில், 2022-ஆம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் மணலின் குறுக்கே 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை ஒன்று அமைத்துத் திறந்து வைத்தார்கள். அன்று கடல் நீரைக் கையால் அள்ளி முகத்தில் தெளித்துக் கொண்டவர்களின் ஆனந்தத்தைப் புகைப்படத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டூஸ் புயல் வந்து அந்தப் பாதையின் கடலோரப் பகுதியைப் பெயர்த்துப் போட்டது. பிறகு பழுது பார்த்தார்கள். கடலோரத்தில் கட்டுகிற எதையும் புயலை உத்தேசித்துக் கட்ட வேண்டும், அல்லது வருஷா வருஷம் பழுது பார்க்கப் பணம் ஒதுக்க வேண்டும். புயலைக் காரணம் சொல்லி அந்தப் பாதையைக் கைவிடுவது மட்டும் கூடாது.

இனி, சொந்த மோட்டாரில் வருகிறவர்கள். அவர்களும் நமது சகோதரர்களே. ஆனால் ஒரு மோட்டாரை நிறுத்தவும் திருப்பவும் சுமார் 25 சதுர மீட்டர் நிலம் வேண்டும். பத்து லட்சம் பேரில் பத்தில் ஒருவர் மோட்டாரில், வண்டிக்கு நால்வராக வந்தால்கூட இருபத்தையாயிரம் வண்டிகள். அவற்றை நிறுத்துவதற்கு மட்டும் நூற்றைம்பது ஏக்கருக்கு மேல் வேண்டும். வண்டிக்கெல்லாம் இடம் விட்டுக்கொண்டே போனால், கடைசியில் எந்தக் கடற்கரையைப் பார்க்க வந்தோமோ அதன் மேலேயே வண்டியை நிறுத்த வேண்டி வரும். நிலைத்த போக்குவரத்து என்று இந்தக் காலத்தில் நிபுணர்கள் பேசுவதற்குச் சாதாரணமான அர்த்தம் இதுதான்: போகிற இடத்தைப் பாழாக்காமல் போய் வருவது. தை, மாசி மாதங்களில் முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையின் குஞ்சுகள் கடலின் ஒளியை நோக்கி ஓட வேண்டியவை. சாலை விளக்கைக் கண்டு மயங்கி மேற்கே திரும்பிவிடுகின்றன. அவற்றுக்காக இரவெல்லாம் கரையோரம் நடந்து முட்டைகளைப் பாதுகாக்கும் மாணவர்கள் நமது நகரில் இருக்கிறார்கள் என்பது பெருமைக்குரிய விஷயம்.

ஆமைகள் இருக்கட்டும், மனிதர்கள் படும் பாட்டைப் பாருங்கள். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பம் முதலான மீனவர் குப்பங்களுக்கும் கடலுக்கும் நடுவில் லூப் ரோடு என்று ஒரு சாலை போட்டிருக்கிறார்கள். அந்தச் சாலை போகும் இடம் பரம்பரையாக மீனவர்கள் வலை உலர்த்திய இடம். மீன் விற்ற இடம். சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலுக்குத் தப்பி வரும் வண்டிகள் அந்த வழியாகப் பாயத் தொடங்கியதும், மீன் விற்கும் பெண்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் ஆகிவிட்டார்கள்! 2023 ஏப்ரலில் ஹைகோர்ட்டார் தாமாகவே எடுத்துக்கொண்ட வழக்கையொட்டி நகரசபையார் கடைகளை அகற்றினார்கள். மீனவர்கள் மறியல் செய்தார்கள். அடுத்த வருஷம் ஒரு புதிய மீன் அங்காடி கட்டிக் கொடுக்கப்பட்டது. அங்காடி நல்லதுதான். ஆனால் யார் யாருக்கு இடைஞ்சல் என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. கடலோடியின் முற்றத்தின் வழியாகக் குறுக்கே புகுந்து போகும் மோட்டார்க்காரர் அந்தக் கரையில் விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரனை நகர்ந்து உட்காரச் சொல்லலாமா?

நல்ல காரியங்களையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் ஸ்திரீகள் டிக்கட் இல்லாமல் பிரயாணம் செய்யலாம் என்று சர்க்கார் ஏற்பாடு செய்தார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதனால் மிச்சமாகும் பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ, ஒரு பெண்பிள்ளை தன் சிநேகிதியுடன் புருஷனிடத்தில் பஸ்ஸுக்குக் காசு கேட்காமல் சாயங்காலம் கடற்கரைக்குப் போய் வர முடிகிறதே, அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. அவளுக்காக அந்த பஸ் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கும் ஓட வேண்டும் என்பதுதான் பாக்கி. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் 2014-ல் ஞாயிறு காலைகளில் மோட்டார்களை நிறுத்திவிட்டுச் சாலையைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரில் 1974-ல் சிறிய அளவில் தொடங்கிய இதே காரியம் இன்று ஞாயிறுதோறும் காலை ஏழு முதல் பகல் இரண்டு வரையில் 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வீதிகளில் நடக்கிறது. அங்கே உல்லாச இடத்துக்கு வழி தேடவில்லை. வழியையே உல்லாச இடமாக்கிவிட்டார்கள்.

மெட்ரோ ரயிலின் இரண்டாவது கட்டத்தில், பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரையில் 26 கிலோமீட்டர் பாதை வகுத்திருக்கிறார்கள். அதன் கீழ்க்கோடி நிலையம் காந்தி சிலைக்கு அருகே, மணலை ஒட்டியே, பூமிக்கடியில் அமைகிறது. டிராம் காலத்துக்குப் பிறகு நகரத்தின் மேற்குப் பேட்டைகளிலிருந்து நேரே கடலுக்கு வந்து இறங்க இதைப் போன்ற வசதி ஏற்பட்டதில்லை. ஆகையால் இப்பொழுதே சில விஷயங்களைத் தீர்மானித்துவிடுவது நல்லது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு? ஞாயிற்றுக்கிழமை அட்டவணை யாரை உத்தேசித்து? கட்டணம் ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா? ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு ஒரே டிக்கட் என்று விடுமுறை நாட்களில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு எடுக்கும் வசதி 2025-ல் கைபேசி மூலமாக வந்திருக்கிறது. கைபேசியில் சீட்டெடுக்கத் தெரியாத பாட்டிக்கும் அது கிடைக்க வேண்டும்.

சென்னைக்கு இதெல்லாம் தெரியாத வித்தை அல்ல. ஆண்டுதோறும் காணும் பொங்கலன்று லட்சக் கணக்கான ஜனங்கள் கட்டுச் சோற்று மூட்டையுடன் மெரினாவுக்கு வருகிறார்கள். அன்றைக்கு விசேஷ பஸ்கள் விடுகிறார்கள். மரக் கட்டைகளால் தடுப்புக் கட்டி யாரும் நீரில் இறங்காமல் பார்த்துக் கொள்கிறார்கள். கூட்டத்தில் காணாமற் போனால் கண்டுபிடிப்பதற்காகப் போலீஸார் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் டெலிபோன் எண்ணை எழுதி ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். இரவு எட்டு மணி சுமாருக்கு அண்ணா சதுக்கத்துப் பஸ் நிலையத்தில் போய்ப் பாருங்கள். கையில் பட்டையும் வாயில் பாதி தின்ற கரும்புமாகக் குழந்தைகள் தகப்பனாரின் தோளில் தூங்கிக் கொண்டிருக்கும். தாய்மார்கள் வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் அண்ணாந்து பார்த்து, பெரும்பாக்கம் போகுமா என்று கண்டக்டரை விசாரித்துக் கொண்டிருப்பார்கள்.